சுண்டுவிரலுக்குக் கிடைத்த உயிரெழுத்து

புதிதாகச் சேர்ந்த பிள்ளை டைப் அடித்த தாளை எட்ட நின்று பார்த்தே சொல்லிவிடுவேன். அதில் ‘ஏ’ மட்டும் மங்கலாக இருக்கும். மற்ற எழுத்துகள் கறுப்பாக விழுந்திருக்க, ஏ வரும் இடமெல்லாம் வெளிறிக் கிடக்கும். டைப்ரைட்டரில் ஏ என்பது இடது கைச் சுண்டுவிரலுக்கு உரிய எழுத்து. பத்து விரல்களில் அதிகம் வேலை பார்த்திராத விரல் அது. வலது சுண்டுவிரலாவது சோறு பிசையும்போது கூட இருக்கும். இடது சுண்டுவிரலுக்கு அந்த வேலையும் கிடையாது. அந்த விரலைக் கூப்பிட்டு, இரும்புக் கம்பி எகிறி ரிப்பனில் மோதும் அளவுக்குத் தட்டு என்றால் அது என்ன செய்யும்?

என் ஏ-யும் அப்படித்தான் இருந்தது. 1980-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு திருத்தணியில் ஒரு மாடி இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தேன். எட்டு மெஷின்கள்: மூன்று ஹால்டா, இரண்டு ரெமிங்டன், இரண்டு ஃபேசிட், ஒரு கோத்ரெஜ். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். ஆடிக்கிருத்திகை நாளில் காவடிக்காரர்களின் மேளச் சத்தம் உள்ளே வந்தால் மெஷின் சத்தமே கேட்காது. மாஸ்டர் என் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏம்மா, வீட்டுல தண்ணி வாளியை இனிமே இந்தச் சுண்டுவிரல்ல தூக்கு” என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இரண்டு மாதம் தூக்கினேன். ஏ கறுத்தது.

பிறகு இங்கிலீஷ் ஹையர், தமிழ் ஹையர் எல்லாம் முடித்து, 1987-ல் அதே மாடியில் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். 1994-ல் மாஸ்டர் ஊருக்குப் போனபோது மெஷின்களையும் பெயர்ப்பலகையையும் வாங்கிக்கொண்டேன். 2018-ல் முழங்கால் மாடியேற மறுக்கும்வரை அதுதான் என் தொழில். முப்பத்தொரு வருடம் நான் செய்த வேலை என்ன என்று கேட்டால், பிள்ளைகளின் விரல்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தேன், எழுத்துகளுக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தேன் என்பேன். முதலாவதற்குத்தான் ஃபீஸ் வாங்கினேன்.

தமிழ்நாட்டில் டைப்ரைட்டிங் படித்த யாரை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கும் முதல் பாடம் இது: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. நடு வரிசை. விரல்கள் உட்கார்ந்து ஓய்வெடுக்கும் வீடு அது. பக்கம் பக்கமாக இதையே அடித்த பிறகு, அந்த எழுத்துகளை மட்டும் வைத்து அமைந்த சொற்கள் வரும். லாட், லாஸ், கிளாஸ், ஃபிளாஸ்க், ஹால், சாலட். மாஸ்டர் அர்த்தம் சொல்லமாட்டார். கேட்டால், “விரல் போனா போதும், அர்த்தம் எதுக்கு?” என்பார். அப்படி ஒரு நாள் அல்ஃபால்ஃபா என்று நாற்பது வரி அடித்தேன். ஏதோ மந்திரம்போல இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் நூலகத்தில் அகராதியைப் புரட்டினால், குதிரைமசால் என்று போட்டிருந்தது. மாட்டுத் தீவனம்! எங்கள் தெருமுனையில் பால்காரர் வரப்போரம் போட்டு வளர்த்துக்கொண்டிருந்ததைத்தான் நாற்பது வரி, என்னவென்று தெரியாமலே, அடித்திருக்கிறேன்.

சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த முதல் வாரமே கதவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை மாட்டினேன். மூன்று பத்தி. இடப்பக்கம் அன்றைய பாடத்து இங்கிலீஷ் சொல், நடுவில் தமிழ், வலப்பக்கம் தெலுங்கு. என் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பள்ளிப்பட்டு, நகரிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். தெலுங்கு எனக்குப் பேச வரும், எழுதத் தடுமாறுவேன். அந்தப் பத்தியைப் பிள்ளைகளே நிரப்பினார்கள். லாட் என்றால் பையன், லாஸ் என்றால் சின்னப் பெண். ஹாஃப் என்றால் பாதி. அதில் எல் என்ற எழுத்து விரலுக்கு உண்டு, வாய்க்குக் கிடையாது. ஷால் என்ற துணைவினை. டால் என்ற பருப்பு. அதை ஹெச் சேர்த்து எழுதினாலும் சேர்க்காமல் எழுதினாலும் நடு வரிசையைவிட்டுப் போகாது. லட்சத்தைக் குறிக்க நம் ஊர் இங்கிலீஷில் எழுதுகிறோமே, எல் ஏ கே ஹெச், அதுவும் முழுக்க நடு வரிசைதான். நம்மிடமிருந்து போன சொல், வெள்ளைக்காரன் மெஷினில் விரலை அசைக்காமலே கிடைக்கிறது. ஒரு நாள் ஒரு பையன் கத்தினான்: “டீச்சர், மெஷின் பேரையே அடிக்கலாம்!” பார்த்தால் அவன் சொன்னது சரி. ஹால்டா. ஹெச் ஏ எல் டி ஏ. பத்து வருடம் அந்தப் பெயரைத் துணியால் துடைத்திருக்கிறேன், எனக்குத் தோன்றியதில்லை.

அந்தப் பலகையில் எழுதி எழுதித்தான் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நடு வரிசையில் பிறக்கும் சொற்கள் எல்லாவற்றிலும் ஏ இருக்கிறது. இருந்தே தீர வேண்டும். இங்கிலீஷ் உயிரெழுத்து ஐந்தில் நான்கு மேல் வரிசையில் இருக்கின்றன. நடு வரிசைக்குக் கிடைத்தது ஏ ஒன்றுதான். அது சுண்டுவிரலிடம் இருக்கிறது. அந்த விரல் தட்டாவிட்டால் முதல் பாடத்தில் ஒரு சொல்கூடப் பிறக்காது. எஸ்ஸும் டியும் எஃபும் வெறும் சத்தமாக நிற்கும். பலமான ஆட்காட்டி விரலுக்கு எஃபும் ஜேயும். சோனி விரலுக்கு உயிரெழுத்து. இந்த நியாயத்தை யார் வகுத்தார்களோ தெரியாது, ஆனால் புதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சுண்டுவிரலை ஒரு மரியாதையோடு பார்ப்பார்கள்.

கீழ் வரிசையில் நிலைமை நேர்மாறு. இசட், எக்ஸ், சி, வி, பி, என், எம். ஓர் உயிரெழுத்துகூட இல்லை. அந்த வரிசையை மட்டும் வைத்து ஒரு சொல்லும் அமைக்க முடியாது. உயிர் இல்லாமல் மெய் நடக்காது என்று இலக்கணத்தில் படித்ததை இங்கிலீஷ் மெஷினில் காட்டிப் புரியவைக்கலாம். தமிழ் வகுப்புக்கும் அது உதவியது. தமிழ் டைப்ரைட்டர் என்றால் யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையாவின் பெயர் வரும். மலாயாவில் வேலை பார்த்தபடி 1930-களில் தமிழ் விசைப்பலகையை அவர் அமைத்தார். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைக்குள் அடக்க, கொம்பு, கால், சுழி என்று எழுத்தை உறுப்பு உறுப்பாகப் பிரிக்க வேண்டியிருந்தது. புள்ளியையும் விசிறிக் கொம்பையும் அடித்தால் தாள் நகராது. அடுத்த எழுத்து அதன் கீழேயே வந்து சேரும். இங்கிலீஷில் ஓர் எழுத்து ஓர் அடி. தமிழில் ஓர் எழுத்துக்கே சில சமயம் மூன்று அடி. இரண்டையும் ஒரே நாளில் படித்த பிள்ளைகள்தான் எழுத்து என்றால் என்ன என்று என்னிடம் கேள்வி கேட்டார்கள்.

மேல் வரிசைக்கு வந்தால் பலகை நிறைந்துவிடும். க்யூ டபிள்யூ இ ஆர் டீ, ஒய் யு ஐ ஓ பி. நான்கு உயிர், அதனால் சொற்கள் கொட்டும். டைப்ரைட்டர் என்ற சொல்லே மேல் வரிசைக்குள் அடங்கும். மெஷினை விற்கப் போகிறவன் தடுமாறாமல் அடித்துக் காட்டுவதற்காக மில்வாக்கி நகரத்து ஷோல்ஸ் அப்படி அமைத்தார் என்று ஒரு கதை உண்டு. அது கதைதான், ஆதாரம் கிடையாது. அவர் உருவாக்கிய மெஷினை 1874-ல் ரெமிங்டன் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று அமைந்த மேல் வரிசை இன்று உங்கள் செல்போனில் அநேகமாக அப்படியே இருக்கிறது.

பலகையில் மேல் வரிசைச் சொற்களை எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது. பவர், பிராப்பர்ட்டி, ரூப்பி, புரொப்ரைட்டர். அதிகாரம், சொத்து, ரூபாய், முதலாளி. எல்லாம் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் அதே வரிசையில் புவர் என்ற ஏழையும் இருக்கிறான். ஒர்ரி என்ற கவலையும், எர்ரர் என்ற பிழையும் கூடவே இருக்கின்றன. கியூ என்ற சொல்லை எழுதியபோது ஒரு பெண், “டீச்சர், கிருத்திகைக்கு மலையில நிக்கறோமே அந்தக் கியூவா?” என்றாள். அதுதான். ஐந்து எழுத்து, யு, இ, யு, இ என்று மாறி மாறி நிற்கும். அடிக்கும்போது வரிசையைவிட்டு விரல் கலையவே கலையாது. மலைமேல் நடப்பதற்கு மாறு.

அதே பட்டியலில் டெரிட்டரி என்றொரு சொல். ஆட்சிப் பகுதி, நிலப்பரப்பு. எங்கள் ஊருக்கு அந்தச் சொல்லின் அர்த்தத்தை அகராதியில் தேட வேண்டியதில்லை. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி.யின் வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. அந்த 1960-ஐ அடிக்கச் சொன்னால் பிள்ளைகள் விழிப்பார்கள். என் பழைய மெஷின்களில் ஒன்று என்ற எண்ணுக்கு விசை கிடையாது. இரண்டிலிருந்துதான் எண்கள் தொடங்கும். “ஒண்ணு எங்க டீச்சர்?” என்பார்கள். எல் எழுத்தைச் சின்னதாக அடி, அதுதான் ஒன்று என்பேன். எழுத்து எண்ணாகும், இடத்தைப் பொறுத்து. ஓர் ஊர் இரண்டு மாநிலத்துக்கும் சொந்தமாக இருந்த மாதிரி.

எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்ட ஊர்களையும் அடித்துப் பார்த்தோம். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் புத்தூர் முழுக்க மேல் வரிசை. நகரி கீழே என்-னில் தொடங்கி, ஏ ஜி ஏ என்று நடு வரிசையில் நடந்து, ஆர் ஐ என்று மேலே ஏறி நிற்கும். படியேறுவது போல. பிறகு எங்கள் ஊர். டீ ஐ ஆர் யு டீ டீ என்று ஆறு எழுத்து மேல் வரிசையிலேயே இருக்கும். அப்புறம் ஏ, நடு வரிசை. அப்புறம் என், கீழ் வரிசை. கடைசி ஐ-க்கு விரல் மறுபடியும் மேலே ஏற வேண்டும். மூன்று வரிசையையும் தொட்டால்தான் திருத்தணி. “சாமி பார்த்துட்டு இறங்கி வந்தா, செருப்பை மேலேயே விட்டுட்டது ஞாபகம் வந்து திரும்ப ஏறினமாதிரி இருக்கு டீச்சர்” என்றாள் நகரிப் பெண் ஒருத்தி. டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவுக்கு 365 படியையும் ஏறியவள் சொல்வதை மறுக்க முடியுமா?

எழுத்துகளை வரிசையாகப் பிரித்தது ஒரு பாடம். கையால் பிரிப்பது அடுத்த பாடம். விசைப்பலகையின் இடப்பாதி இடது கைக்கு, வலப்பாதி வலது கைக்கு. ஒரு கையால் மட்டும் அடிக்கும் சொற்களைத் தேடி எடுத்துப் பயிற்சி கொடுப்போம், சோம்பல் கை வேகம் பிடிக்க. விமானப் பணிப்பெண்களைக் குறிக்கும் ஸ்டூவர்டஸஸ் என்ற பன்னிரண்டு எழுத்துச் சொல் முழுவதும் இடது கை. லாலிபாப், மோனோபொலி இரண்டும் வலது கை. ஒன்று குச்சி மிட்டாய், இன்னொன்று ஒருவனே முழுச் சந்தையையும் வைத்துக்கொள்ளும் ஏகபோகம். ஹோலி ஹில், புனித மலை, இரண்டு சொல்லும் வலது கை. பியூப்பில் என்ற மாணவனும் வலது கை.

பொதட்டூர்பேட்டையிலிருந்து நெசவாளி வீட்டுப் பையன் ஒருவன் வந்துகொண்டிருந்தான். பாடப்புத்தகச் சொற்களை அடித்து முடித்துவிட்டு, தன் வீட்டுச் சொற்களை அகராதியில் எடுத்து இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டு வந்தான். லூம் என்ற தறி வலது கை. வீவர் என்ற நெசவாளி இடது கை. வெஃப்ட் என்ற ஊடை இடது கை. வேஜஸ் என்ற கூலி, அர்ரியர்ஸ் என்ற பாக்கி, டாக்ஸ் என்ற வரி, மூன்றும் இடது கை. யூனியன், ஒப்பீனியன், மில்லியன் மூன்றும் வலது கை. “டீச்சர், தறி ஒரு கையில இருக்கு, கூலி இன்னொரு கையில இருக்கு. ரெண்டும் சேரவே இல்ல” என்றான். என் அப்பாவும் தறிக்காரர். குழித்தறியில் ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்கும், மற்றக் கை பலகையை அடிக்கும். இரண்டு கையும் சேர்ந்தால்தான் துணி. அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

அவனுக்குப் பதில்போல மறுநாள் பலகையில் வேறு சொற்களை எழுதினேன். இடது, வலது, இடது, வலது என்று கை மாறி மாறி விழும் சொற்கள். ஒர்க், டியூட்டி, ரைட், பிராஃபிட், டைட்டில். வேலை, கடமை, உரிமை, லாபம், பட்டம். இந்தச் சொற்களை அடிக்கும்போது சத்தமே வேறு; தறி ஓடுகிற தாளம் வரும். ஒரு கை தட்டும்போது மற்றக் கை அடுத்ததற்குத் தயாராகிவிடுவதால் வேகமும் கூடும். பிராப்ளம் என்ற சொல்லும் இந்த வகைதான். சிக்கல் எத்தனை லகுவாக வருகிறது பாருங்கள் என்று சொல்லிச் சிரிப்போம். அண்டை வீட்டுக்காரனைக் குறிக்கும் நெய்பர், அமெரிக்கர் எழுதுகிற மாதிரி எழுதினால் மாறி மாறி வரும். நாம் வெள்ளைக்காரன் வழக்கப்படி ஒரு யு சேர்க்கிறோம். ஓ-வும் யு-வும் ஒரே கையில் விழுந்து தாளம் தப்பும்.

இத்தனை சொல்லியும் அரசாங்கத் தேர்வுக்குச் சொல்லின் அர்த்தம் தேவையில்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், தேர்வு வைக்கும். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. அங்கே சொல் என்றால் ஐந்து அடி. அவ்வளவுதான். இடைவெளியும் ஓர் அடி, கமாவும் ஓர் அடி. பத்து எழுத்துள்ள டைப்ரைட்டர் அங்கே இரண்டு சொல். தேர்வு நாளுக்கு முன்னால் மெஷின்களை மினி லாரியில் வைக்கோல் போட்டு ஏற்றி மையத்துக்குக் கொண்டுபோவோம். மணியடித்ததும் நூறு மெஷின் ஒன்றாக ஆரம்பிக்கும்போது தகரக் கொட்டகைமேல் ஆலங்கட்டி மழை பெய்தாற்போல இருக்கும். வரி முடிய ஏழெட்டு எழுத்து இருக்கும்போது மெஷினில் மணி அடிக்கும். ஆனை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்று அதற்கு ஒரு பாடம் வைத்திருந்தேன். அந்த ஹாலில் யாரும் எதையும் படிப்பதில்லை. கண் தாளில், விரல் விசையில், நடுவில் அர்த்தம் என்று ஒன்று கிடையாது.

கண்ணை விசையில் வைக்காமல் அடிப்பதே ஒரு காலத்தில் நம்பமுடியாத வித்தை. சால்ட் லேக் சிட்டி கோர்ட்டில் சுருக்கெழுத்தராக இருந்த ஃபிராங்க் மெக்கரின், சின்சினாட்டியில் லூயி டிராப் என்பவரோடு போட்டி போட்டு, பார்க்காமல் அடித்து ஜெயித்தார். 1888 ஜூலை 25. அதிலிருந்து ஆறு வாரத்தில், செப்டம்பர் 5 அன்று, எங்கள் திருத்தணியில் ராதாகிருஷ்ணன் பிறந்தார். 1962-லிருந்து நாடே அந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறது. ஒவ்வொரு செப்டம்பர் 5-க்கும் பிள்ளைகள் பேனா கொடுப்பார்கள். டைப் டீச்சருக்குப் பேனா! நான் அவர்களுக்கு மெக்கரின் கதையைச் சொல்வேன். இரண்டும் ஒரே வருடம், நினைவில் வைத்துக்கொள்வது சுலபம்.

அர்த்தம் இல்லாமல் அடித்தால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சாயங்காலங்களில் வக்கீல்களுக்கு ஜாப் டைப்பிங் செய்வேன். தொண்ணூறுகளில் ஒரு நாள், சொத்து விவகாரத்தில் ஒரு மனு, மூன்று கார்பன் பிரதி, அவசரம். ‘எங்கள் குடும்பம் ஒன்றுபட்ட குடும்பம்’ என்று ஒரு வரி. யுனைட்டட் என்று வர வேண்டிய இடத்தில் நான் அடித்தது அன்டைட். எழுத்து அதே ஆறு எழுத்துதான். ஐ-யும் டீ-யும் இடம் மாறிவிட்டன. ஒன்றுபட்ட குடும்பம் கட்டவிழ்ந்த குடும்பமாகிவிட்டது. மறுநாள் வக்கீல் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொண்டுவந்தார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் பின்னால் நின்றார்கள். அவர்கள் சிரிக்கவில்லை. நான்கு தாளையும் திரும்ப அடித்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

அன்று ராத்திரி மெஷின் முன்னால் உட்கார்ந்து, ஏன் அப்படி விழுந்தது என்று மெதுவாக அடித்துப் பார்த்தேன். யு, என், ஐ மூன்றும் வலது கை எழுத்துகள். வலது கை அந்த மூன்றையும் அடிக்கிறவரை இடது ஆட்காட்டி விரல் வேலையில்லாமல் டீ-யின் மேல் காத்திருக்கிறது. ஐ விழும் முன்னால் பொறுமை இழந்து அது முந்திவிடுகிறது. கை செய்த பிழைதான். ஆனால் பிடிபட வேண்டிய இடத்தில் என் மனசு இல்லை; வரியைப் படிக்காமல் எழுத்துகளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து பலகையில் நான்காவது பத்தி வந்தது: ஒரே எழுத்துகள், வேறு அர்த்தம். கடிதத்தின் தலையில் அடிக்கும் ஃபிரம், அனுப்புநர். ஓ முந்தினால் ஃபார்ம், படிவம். எங்கள் பிள்ளைகள் அதிகம் செய்த பிழை இதுதான். குவயட் என்றால் அமைதி, கடைசி இரண்டு எழுத்து மாறினால் குவைட், ஓரளவு. டிரயல் என்ற வழக்கு விசாரணை, டிரெயில் என்ற ஒற்றையடித் தடம். டைரி, டெய்ரி, ஒன்று நாட்குறிப்பு, ஒன்று பால் பண்ணை. மேரிட்டல் என்றால் திருமணம் தொடர்பானது, மார்ஷல் என்றால் போர் தொடர்பானது. வேலை விண்ணப்பத்தில் அந்த இரண்டு எழுத்து மாறி, கல்யாணம் ஆயிற்றா என்ற கேள்வி போருக்குப் போனாயா என்ற கேள்வியாகிவிடும். கல்யாணமானவர்கள் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிச் சிரித்தார்கள்.

இந்தப் பிழைகளை எழுத்துப் பிழை என்று சொல்வது சரியில்லை. எழுத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. அர்த்தம் தெரிந்த கண் மட்டும்தான் இதைப் பிடிக்கும்.

கோத்ரெஜ் கம்பெனி 1955-ல் தொடங்கிய டைப்ரைட்டர் உற்பத்தியை 2009-ல் நிறுத்தியது. என் மெஷின்கள் பழுதானால் உதிரிபாகத்துக்குப் பழைய மெஷினை உடைத்து எடுக்க வேண்டிவந்தது. ஆனாலும் தேர்வு நிற்கவில்லை, பிள்ளைகளும் நிற்கவில்லை, டி.என்.பி.எஸ்.சி. தட்டச்சர் வேலைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். இன்ஸ்டிட்யூட்டை வேறொருவர் கையில் ஒப்படைத்த பிறகு, எங்கள் தெருவிலேயே கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு மாலையில் போய் உட்காருவேன். என்னிடம் படித்த பிள்ளை நடத்துகிறாள். கம்ப்யூட்டர் விசைக்குப் பலம் வேண்டாம். தூசு விழுகிற மாதிரித் தொட்டாலே ஏ முழுக் கறுப்பாக விழுந்துவிடுகிறது. யாருடைய ஏ-யும் மங்குவதில்லை. புதுப் பிள்ளையைத் தாளைப் பார்த்து அடையாளம் சொல்லும் என் வித்தை அங்கே செல்லாது என்று நினைத்தேன்.

போன ஆடிக்கு முன்னால் ஒரு நாள், அங்கே வேலைக்குச் சேர்ந்த பெண் ஊருக்கு வருகிற பக்தர்களுக்காக இங்கிலீஷில் ஒரு நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தாள். காலேஜ் முடித்தவள், வேகமான கை. அவள் திரையைப் பார்த்தாள். பழக்க தோஷத்தில் நான் அவள் கையைப் பார்த்தேன். இடது சுண்டுவிரல் விசையில் இல்லை, ஆகாயத்தில் நின்றது.

“புனித மலைங்கிற வரியைக் கொஞ்சம் படிம்மா” என்றேன்.

திரையில் சிவப்புக் கோடு எதுவும் இல்லை. சேக்ரட் ஹில் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஸ்கேர்ட் ஹில் என்று இருந்தது. புனித மலை பயந்துபோன மலையாகியிருந்தது. இரண்டு சொல்லுக்கும் அதே ஆறு எழுத்து, ஆறும் இடது கை. எஸ் விழுந்த பிறகு சுண்டுவிரல் ஏ-யை அடித்திருக்க வேண்டும். அது மேலேயிருந்து இறங்கி வருவதற்குள் நடுவிரல் சி-யை முந்தி அடித்துவிட்டது.

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “நீங்க திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கலையே டீச்சர், எப்படித் தெரிஞ்சுது?”

நான் அவள் சுண்டுவிரலைப் பிடித்து ஏ-யின் மேல் இறக்கி வைத்தேன். “வீட்டுல தண்ணி வாளி இருக்கா?” என்றேன்.